ஈரான் அரபு நாடா? அரபு நாடும் இஸ்லாமிய நாடும் எங்கே பிரிகின்றன

கேள்வி இதுதான்: செய்திகளில் 'அரபு நாடுகள்' என்றும் 'இஸ்லாமிய நாடுகள்' என்றும் மாறி மாறி வருகிறது, இரண்டும் ஒன்றா? ஈரான், துருக்கி, பாகிஸ்தான் எல்லாம் அரபு நாடுகளா?

இல்லை. இந்த மூன்றில் ஒன்றுகூட அரபு நாடு கிடையாது. அரபு என்பது ஒரு மொழி. அந்த மொழியால் தங்களை ஓர் இனமாக உணரும் மக்களுக்கும் அதுவே பெயர். இஸ்லாம் ஒரு மதம். நாகப்பட்டினம் பக்கம் போனால் நாகூரில் தர்கா, வேளாங்கண்ணியில் மாதா கோயில், சிக்கலில் சிங்காரவேலர். மூன்று ஊரிலும் வீட்டில் பேசுவது தமிழ்தான். மூன்று ஊர்க்காரர்களையும் தமிழர் என்று சொல்லலாம். அதனால் மூவருக்கும் ஒரே மதம் என்று ஆகிவிடாது. அதேபோல நாகூர்க்காரருக்கும் இஸ்தான்புல்காரருக்கும் மதம் ஒன்றாக இருக்கலாம். அதனால் இருவரும் ஓர் இனம் ஆகிவிட மாட்டார்கள். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். மீதிப் பாதி 'இஸ்லாமிய நாடு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் அரபு நாடுகள். இதற்குக் கைவசம் தெளிவான ஒரு பட்டியல் உண்டு: அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக். 1945 மார்ச் 22 அன்று கெய்ரோவில் எகிப்து, இராக், லெபனான், சிரியா, சவூதி அரேபியா, இன்றைய ஜோர்டான் ஆகியவை சேர்ந்து தொடங்கியது. சில வாரங்களில் ஏமன் சேர்ந்தது. இன்று உறுப்பினர் 22. மேற்கே அட்லாண்டிக் கரையில் மொரோக்கோ, மொரிட்டானியா. வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சூடான். மேற்காசியாவில் லெபனான், சிரியா, ஜோர்டான், பாலஸ்தீனம், இராக். அரேபியத் தீபகற்பத்தில் சவூதி, ஏமன், ஓமன், அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஜிபூட்டி, சோமாலியா, கொமொரோஸ்.

நம் ஊரில் 'அரபு நாட்டுக்குப் போயிருக்கான்' என்று சொன்னால் துபாயோ குவைத்தோ சவூதியோதான் மனதில் வரும். அது வளைகுடா. சவூதி, அமீரகம், குவைத், கத்தார், பஹ்ரைன், ஓமன் ஆகிய ஆறும் 1981-இல் தனியாக ஒரு கூட்டமைப்பு வைத்துக்கொண்டன. எண்ணெய்ப் பணமும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் பெரும்பாலும் இந்த ஆறு நாட்டுச் சங்கதி. அரபு மக்கள்தொகையின் எடை வேறு பக்கம் இருக்கிறது. பத்துக் கோடிக்கு மேல் மக்கள் வாழும் எகிப்துதான் அரபு நாடுகளில் மிகப் பெரியது. 'அரபுக்காரன் என்றால் பணக்காரன்' என்ற நினைப்பு ஏமனிலும் சூடானிலும் வாழும் கோடிக்கணக்கான ஏழை அரபுகளை மறந்துவிட்டு எழுந்தது.

அந்த 22-இலும் ஓரம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். சோமாலியர்களின் தாய்மொழி சோமாலி. கொமொரோஸ் தீவுகளில் பேசுவது சுவாஹிலிக்கு உறவான மொழி. ஜிபூட்டியில் சோமாலியும் அஃபாரும். ஆனாலும் மூன்றும் அரபியை ஆட்சிமொழிகளில் ஒன்றாக வைத்து, அரபு லீகில் சேர்ந்திருக்கின்றன. இதற்கு நேர் எதிராக, சாட் நாட்டில் அரபி ஆட்சிமொழி. ஆனால் அது அரபு லீக் உறுப்பினர் இல்லை. மால்ட்டா இன்னும் விசித்திரம். மத்தியதரைக் கடலில் உள்ள இந்தத் தீவு நாட்டின் மொழி அரபியிலிருந்து பிறந்தது. எழுதுவது லத்தீன் எழுத்தில். மக்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர். அவர்கள் மாதா கோயிலில் இறைவனை 'அல்லா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்துக்கு அவர்கள் மொழியில் பெயர் 'ரன்டான்'. ரமலான் என்ற சொல்லின் திரிபு அது.

'அல்லாஹ்' என்ற சொல்லைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அரபு பேசும் கிறிஸ்தவருக்கும் கடவுள் என்றால் அல்லாஹ்தான். அரபு பைபிளில் அந்தச் சொல்தான் அச்சாகிறது. கெய்ரோவிலோ பெய்ரூத்திலோ இது யாருக்கும் ஒரு விஷயமே இல்லை. மலாய் மொழியில் கிறிஸ்தவர்கள் அதே சொல்லைப் பயன்படுத்தலாமா என்று மலேசியாவில்தான் வருடக்கணக்கில் நீதிமன்ற வழக்கு நடந்தது. அரபு நாட்டில் எழாத பிரச்சினை அரபு அல்லாத ஒரு முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் எழுந்தது. அரபு நாட்டில் அது மொழியின் சாதாரணச் சொல்; மலேசியாவில் அது மதத்தின் அடையாளம்.

அரபு என்றால் முஸ்லிம் என்று எழுதுவது எவ்வளவு தவறு என்பதற்குச் சில பெயர்களே போதும். அரபு தேசியம் பேசிய பாஃத் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான மிஷேல் அஃப்லக் டமாஸ்கஸில் பிறந்த கிறிஸ்தவர். சதாம் உசேனின் வெளியுறவு முகமாக உலகம் பார்த்த தாரிக் அஜீஸ் கல்தேயக் கிறிஸ்தவர். பாலஸ்தீனப் போராட்ட இயக்கம் ஒன்றைத் தொடங்கிய ஜார்ஜ் ஹபாஷும் கிறிஸ்தவர். 1992 முதல் 1996 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த எகிப்தியர் பூத்ரோஸ் பூத்ரோஸ் காலி, காப்டிக் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து வந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் 'நாம் எல்லோரும் அரபுகள்' என்ற குரலைக் கிறிஸ்தவர்கள் உரக்கக் கொடுத்ததற்குக் காரணமும் உண்டு. மதத்தின் பேரில் நாடு அமைந்தால் அவர்கள் சிறுபான்மை. மொழியின் பேரில் அமைந்தால் சமமான பங்காளிகள்.

லெபனானைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஆட்சிமொழி அரபி, அரபு லீகைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. ஆனால் அரசுக்கென்று மதம் கிடையாது. அரசு ஏற்றுக்கொண்ட சமயப் பிரிவுகள் 18. 1943-இல் தலைவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாட்டின்படி, குடியரசுத் தலைவர் மரோனைட் கிறிஸ்தவர், பிரதமர் சுன்னி முஸ்லிம், நாடாளுமன்ற சபாநாயகர் ஷியா முஸ்லிம். 1989-இல் நடந்த தாயிஃப் உடன்பாட்டுக்குப் பிறகு நாடாளுமன்ற இடங்கள் கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் சரிபாதி. இப்போது மொத்தம் 128. கடைசியாக அதிகாரபூர்வமாக மக்கள்தொகை எடுத்தது 1932-இல். மறுபடி எடுத்தால் பங்கு கலைந்துவிடும் என்ற பயத்திலேயே அதைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். கல்யாணம், விவாகரத்து எல்லாம் அந்தந்தப் பிரிவின் சமயச் சட்டப்படி. வேறு வேறு மதத்துக்காரர்கள் பதிவுத் திருமணம் செய்ய நினைத்தால் கடல் தாண்டி சைப்ரஸ் போய்ச் செய்துகொண்டு வருவார்கள். அதை லெபனான் அரசு ஏற்றுப் பதிவு செய்யும். இப்படி ஒரு நாட்டை 'இஸ்லாமிய நாடு' என்று ஒற்றைச் சொல்லில் எழுதினால் எவ்வளவு மறைந்துபோகிறது பாருங்கள்.

அரபு நாட்டுக்குள் இருப்பவர்கள் எல்லோரும் அரபுகளும் இல்லை. இராக், சிரியாவின் வடக்கே குர்துகள் இருக்கிறார்கள். பெரும்பாலும் முஸ்லிம்கள், ஆனால் மொழி வேறு, இனம் வேறு. சிலுவைப் போர் வரலாற்றில் அரபு வீரராகப் பலர் எழுதும் சலாஹுத்தீன் குர்து இனத்தவர். இராக்கின் 2005 அரசமைப்பு அரபியோடு குர்து மொழியையும் ஆட்சிமொழியாக்கியது. மொரோக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அரபுகள் வருவதற்கு முன்பிருந்தே வாழும் அமாசிக் மக்கள் தங்கள் மொழிக்காக நெடுங்காலம் போராடினார்கள். மொரோக்கோ 2011-இலும் அல்ஜீரியா 2016-இலும் அதை ஆட்சிமொழியாக ஏற்றன. மதம் ஒன்றாக இருந்தும் மொழிக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது ஈரான். அதிகமாகத் தவறு நடப்பது இங்கேதான். ஈரானின் ஆட்சிமொழி பாரசீகம். அது இந்தோ ஐரோப்பியக் குடும்பம். உறவுமுறையில் அரபியைவிட இந்திக்கும் சமஸ்கிருதத்துக்கும் நெருக்கம். அரபியோ ஹீப்ரு, அராமிக் மொழிகளோடு சேர்ந்த செமிட்டிக் குடும்பம். எழுதும்போது மட்டும் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் பாரசீகர்கள் அரபு எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். எடுத்தபோது ஒரு சிக்கல் வந்தது. தமிழில் 'ப' என்ற ஒரே எழுத்தை 'பழம்' என்பதில் ஒரு மாதிரியும் 'கம்பு' என்பதில் வேறு மாதிரியும் ஒலிக்கிறோம். அரபியில் 'கம்பு'வில் வரும் ஒலி உண்டு. 'பழம்' என்பதில் வரும் ஒலி கிடையாது. பாரசீகத்தில் இரண்டும் வேண்டும். அதனால் கீழே ஒரு புள்ளி இருந்த எழுத்துக்கு மூன்று புள்ளி வைத்துப் புதிதாக ஓர் எழுத்து செய்துகொண்டார்கள். இப்படிக் கூடுதலாகச் சேர்த்தவை மொத்தம் நான்கு. ஒரு பலகையையோ தலைப்பையோ பார்த்து அது அரபியா பாரசீகமா என்று கண்டுபிடிக்க இதுவே எளிய வழி: எழுத்துக்குக் கீழே மூன்று புள்ளி தெரிந்தால் அநேகமாக அரபி இல்லை. பாரசீகமாகவோ உருதுவாகவோ இருக்கும். அந்த மொழிக்கு 'ஃபார்சி' என்று பெயர் வந்ததும் இதனால்தான். அந்த நாட்டின் தெற்கே உள்ள ஒரு பகுதியின் பழைய பெயர் 'பார்ஸ்'. அரபு நாவில் முதல் எழுத்து வராமல் 'ஃபார்ஸ்' ஆனது.

ஈரான் அரசமைப்பின் 16-ஆவது பிரிவு, நடுநிலைப் பள்ளியிலிருந்து எல்லா மாணவர்களுக்கும் அரபி கற்பிக்க வேண்டும் என்கிறது. காரணம் அது குர்ஆனின் மொழி என்பது. அரபு நாடாக இருந்தால் அரபியைப் பாடமாக வைத்துச் சொல்லிக்கொடுக்க ஒரு தனிப்பிரிவு எதற்கு? ஈரானிலும் அரபுகள் இருக்கிறார்கள்தான், தென்மேற்கே குசெஸ்தான் மாகாணத்தில், சிறுபான்மையாக.

எழுத்தை வைத்து இனத்தைச் சொல்ல முடியாது என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கையின் முஸ்லிம் ஊர்கள் என்று பல இடங்களில் புழங்கிய அரபுத்தமிழ், தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் பாரசீகர்கள் செய்ததைப் போலவே புள்ளி சேர்த்துப் புது எழுத்துகள் ஆக்கினார்கள். எழுத்து அரபு, மொழி தமிழ், எழுதியவர் தமிழ் முஸ்லிம்.

வழிபாட்டுச் சொற்களைக் கவனித்தாலும் மதம் மொழியைத் தாண்டிப் போகும் விதம் தெரியும். ஐவேளை வணக்கத்துக்கு அரபியில் 'சலாத்'. ஈரானிலும் துருக்கியிலும் உருதுக்காரர்களிடத்திலும் 'நமாஸ்', அது பாரசீகச் சொல். மலாயில் 'செம்பாயாங்'. தமிழில் தொழுகை. ரமலான் மாதத்தில் பட்டினி இருப்பதற்கு அரபியில் 'ஸவ்ம்', உருதுவில் 'ரோஜா', தமிழில் நோன்பு, மலாயில் 'புவாசா'. அந்தப் 'புவாசா' நம் உபவாசமேதான், கடல் கடந்து போனது. தமிழ்ப் பழைய வழக்கில் முஸ்லிம்களைக் குறிக்க இரண்டு சொற்கள் ஓடின: மேற்கே கடல்வழி வந்த அரபுகளை நினைத்து சோனகர், வடக்கே தரைவழி வந்தவர்களை நினைத்து துருக்கர். ஒன்று அரபு, மற்றது துருக்கி. இரண்டும் நாளடைவில் ஒரே மதத்தாரைக் குறிக்கும் பெயராகிவிட்டன. இலங்கையில் இன்றும் 'இலங்கைச் சோனகர்' என்பது அரசுக் கணக்கெடுப்பில் ஓர் இனப்பிரிவு; அவர்களில் பெரும்பாலோருக்குத் தாய்மொழி தமிழ். ஆகவே குழப்பம் நேற்று தொலைக்காட்சியில் தொடங்கியது இல்லை.

அடுத்து 'இஸ்லாமிய நாடு'. இந்தச் சொல்லை மூன்று வேறு பொருளில் வீசுகிறார்கள். எந்தப் பொருளில் என்று கேட்காமல் விவாதம் செய்தால் முடிவே வராது.

ஒன்று, மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்ற பொருள். இதற்கு 'முஸ்லிம் பெரும்பான்மை நாடு' என்பதே சரியான சொல். இந்தோனேசியா இதில் முன்வரிசை. சுமார் 87 விழுக்காடு முஸ்லிம்கள். ஆனால் அந்த நாட்டு அரசுக்கு இஸ்லாம் மதம் கிடையாது. 'பஞ்சசீலா' என்ற ஐந்து கொள்கைகள்தான் அடித்தளம். முதல் கொள்கை ஒரே இறைநம்பிக்கை என்பது. இஸ்லாமோடு இந்து, பௌத்தம், கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட், கன்பூசியம் என ஆறு மதங்களை அரசு ஏற்கிறது. ஷரீஅத் குற்றவியல் சட்டம் அச்சே என்ற ஒரே மாகாணத்தில். செனகல் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் முஸ்லிம்கள், அரசமைப்பு மதச்சார்பற்றது, விடுதலைக்குப் பின் முதல் குடியரசுத் தலைவராக இருபது வருடம் இருந்த செங்கோர் கத்தோலிக்கர். துருக்கி 1928-இல் இஸ்லாம் அரசு மதம் என்ற வரியை அரசமைப்பிலிருந்து எடுத்தது. 1937-இல் மதச்சார்பின்மையைச் சேர்த்தது. அஜர்பைஜான், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான், அல்பேனியா எல்லாம் இதே ரகம்.

இரண்டு, இஸ்லாம் அரசு மதம் என்று அரசமைப்பில் எழுதியிருப்பது. மலேசிய அரசமைப்பின் 3-ஆவது பிரிவு இஸ்லாம் கூட்டரசின் மதம் என்கிறது; மற்ற மதங்களை அமைதியாகப் பின்பற்றலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அங்கே ஷரீஅத் நீதிமன்றம் முஸ்லிம்களுக்கு மட்டும், அதுவும் குடும்ப, சமய விஷயங்களில். ஒப்பந்தம், சொத்து, கொலை, கொள்ளை எல்லாம் பிரிட்டிஷ் மரபில் வந்த பொது நீதிமன்றத்தில். அதே மலேசியாவின் 160-ஆவது பிரிவு, மலாய்க்காரர் யார் என்று வரையறுக்கும்போது இஸ்லாத்தைப் பின்பற்றுபவர் என்பதையும் ஒரு நிபந்தனையாக வைக்கிறது. இனத்தையும் மதத்தையும் சட்டத்தாலேயே முடிச்சுப் போட்ட நாடு வேண்டுமானால் இதைக் காட்டலாம். அரபு நாடுகளில் அரபு என்ற அடையாளத்துக்கு இப்படி மத நிபந்தனை இல்லை. எகிப்தின் அரசமைப்பு 2-ஆவது பிரிவில் இஸ்லாம் அரசு மதம், ஷரீஅத்தின் கோட்பாடுகள் சட்டத்துக்கு முதன்மை ஆதாரம் என்கிறது. அடுத்த பிரிவிலேயே கிறிஸ்தவர், யூதர்களின் திருமணம் போன்ற தனிநபர் விஷயங்களுக்கு அவரவர் சமயச் சட்டம் என்கிறது. வங்கதேசம் 1972-இல் மதச்சார்பற்ற நாடாக எழுதப்பட்டது. 1988-இல் இஸ்லாம் அரசு மதம் ஆனது. அந்த மாற்றத்தால் ஒரே இரவில் அந்த மக்களின் வாழ்க்கை மாறிவிடவில்லை. அரசமைப்பின் வரி வேறு, தெருவில் நடப்பது வேறு.

மூன்று, நாட்டின் பெயரிலோ ஆட்சியின் அடித்தளத்திலோ இஸ்லாம் இருப்பது. பாகிஸ்தான், ஈரான், மொரிட்டானியா மூன்றும் தங்களை 'இஸ்லாமியக் குடியரசு' என்று பெயரிலேயே சொல்கின்றன. இந்த மூன்றில் அரபு நாடு மொரிட்டானியா மட்டும். சவூதி அரேபியாவின் பெயரில் இஸ்லாம் இல்லை, ஆனால் 1992-இல் வெளியான அடிப்படைச் சட்டம் குர்ஆனும் நபிவழியுமே தனது அரசமைப்பு என்கிறது. 'இஸ்லாமிய நாடு' என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஆட்சி ஒன்றாக இருக்காது: சவூதி மன்னராட்சி, ஈரானில் மதகுரு உச்சத் தலைவர், அவருக்குக் கீழே தேர்தலில் வந்த அதிபரும் நாடாளுமன்றமும். அந்த நாடாளுமன்றத்தில் ஆர்மீனியர், அசீரியர், யூதர், ஜோராஸ்ட்ரியர் ஆகியோருக்கு மொத்தம் ஐந்து இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணி போகும் தூரத்தில் இருக்கும் மாலத்தீவில் முஸ்லிம் அல்லாதவர் குடிமகன் ஆக முடியாது என்று 2008 அரசமைப்பு சொல்கிறது. பல அரபு நாடுகளைவிட இறுக்கமான வாசகம் அது. அவர்கள் பேசும் திவேஹி மொழியோ சிங்களத்துக்கு உறவு.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். உலக முஸ்லிம்கள் சுமார் 200 கோடி. 22 அரபு நாடுகளின் மக்கள் அத்தனை பேரையும், கிறிஸ்தவர்களையும் சேர்த்தே எண்ணினாலும் சுமார் 50 கோடிதான். முஸ்லிம்கள் அதிகம் வாழும் முதல் நான்கு நாடுகள் இந்தோனேசியா, பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம். நான்கும் ஆசியா, ஒன்றும் அரபு இல்லை.

இஸ்லாமிய நாடுகள் என்று பத்திரிகைகள் எழுதும்போது பலமுறை அவர்கள் நினைப்பது இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் 57 உறுப்பு நாடுகளை. அதன் பிறப்பும் அரபு லீகின் பிறப்பும் வேறு வேறு காலத்து உணர்ச்சிகள். 1945-இல் காலனி ஆட்சியை எதிர்த்த மொழி, இன உணர்வு அரபு லீகை உண்டாக்கியது. ஐம்பதுகளில் எகிப்து அதிபர் நாசர் அந்த உணர்வின் முகமானார். 1958-இல் எகிப்தும் சிரியாவும் ஒரே நாடாகக்கூட இணைந்து, 1961-இல் பிரிந்தன. 1967 போரில் இஸ்ரேலிடம் தோற்றபின் அந்த உணர்வின் சூடு தணிந்தது. 1969 ஆகஸ்ட் 21 அன்று ஆஸ்திரேலியர் ஒருவர் ஜெருசலேமின் அல் அக்ஸா பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார். அடுத்த மாதமே மொரோக்கோவின் ரபாத்தில் முஸ்லிம் நாடுகளின் தலைவர்கள் கூடினார்கள். அமைப்பு அங்கே பிறந்தது. சவூதி மன்னர் ஃபைசல் இதற்கு முன்னின்றார். தலைமையகம் ஜித்தாவில். அரபு லீகின் 22 நாடுகளும் இதில் உண்டு. மீதி 35 அரபு அல்லாதவை.

அந்த 57-ஐ அப்படியே முஸ்லிம் பெரும்பான்மை என்று எடுத்துக்கொண்டால் தவறாகும். உகாண்டா, காபோன், மொசாம்பிக், டோகோ ஆகியவற்றில் முஸ்லிம்கள் சிறுபான்மை. தென்னமெரிக்காவின் சுரினாம், கயானாவும் உறுப்பினர்கள். அங்குள்ள முஸ்லிம்கள் பெரும்பாலும் கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலேறிய இந்தியர், ஜாவானியர்களின் வம்சம். இருபது கோடி முஸ்லிம்கள் வாழும் இந்தியாவோ உறுப்பினர் இல்லை. 1969 ரபாத் கூட்டத்துக்கு இந்தியாவுக்கு அழைப்பு வந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவரான பக்ருதீன் அலி அகமது குழுவோடு போனார். பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் மறுத்ததால் கூட்டத்தில் உட்கார முடியாமல் திரும்ப வேண்டியதாயிற்று. ஐம்பது வருடம் கழித்து, 2019-இல் அபுதாபியில் நடந்த இதே அமைப்பின் கூட்டத்தில் அன்றைய இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் சிறப்பு விருந்தினராகப் பேசினார். அப்போது பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் வரவில்லை. அரபு லீகிலோ இந்தியா 2007-லிருந்து பார்வையாளர். இஸ்லாமிய அமைப்பில் கிடைக்காத இடம் அரபு அமைப்பில் கிடைத்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால் இது நடந்திருக்காது.

உலக அரசியலைப் படிக்கும்போது இந்த வேறுபாடு தெரியாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது. 1973 அக்டோபர் போரின்போது எண்ணெய் தர மறுத்தவை அரபு நாடுகள். மன்னர் ஷா ஆண்ட ஈரான் அதில் சேராமல் விற்றுக்கொண்டே இருந்தது. இராக், ஈரான் போரில் (1980–88) இராக்கின் ஷியா அரபு வீரர்கள் ஷியா ஈரானை எதிர்த்துச் சண்டையிட்டார்கள். அரபு நாடான சிரியா ஈரான் பக்கம் நின்றது. ஷியாக்கள் பெரும்பான்மையாக உள்ள அஜர்பைஜானுக்கு இஸ்ரேலோடு நெருக்கம். ஈரானுக்குக் கிறிஸ்தவ ஆர்மீனியாவோடு நல்லுறவு. இஸ்ரேலை முதலில் ஏற்ற முஸ்லிம் பெரும்பான்மை நாடு துருக்கி, 1949-இல். முதல் அரபு நாடு எகிப்து, முப்பது வருடம் பிந்தி. அந்த ஒப்பந்தத்துக்காக அரபு லீக் எகிப்தை நீக்கி வைத்து, தலைமையகத்தையே துனிஸுக்கு மாற்றியது. 1989-இல்தான் திரும்பச் சேர்த்தது. 'மத்திய கிழக்கு' என்ற சொல்லையும் அரபுக்குப் பதிலாகப் போடக் கூடாது. ஈரான், துருக்கி, இஸ்ரேல் மூன்றும் அதற்குள் வரும். மொரோக்கோவும் சோமாலியாவும் வழக்கமாக வராது.

வேலைக்கோ பயணத்துக்கோ போகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். 'முஸ்லிம் நாடுதானே, எல்லாம் ஒரே சட்டம்' என்று நினைத்துப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. கசகசாவை எடுத்துக்கொள்ளுங்கள். குருமாவுக்கு அரைக்க அம்மா கட்டிக் கொடுத்த ஒரு பொட்டலம் கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் கத்தாரிலும் தடைசெய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடிபட்டால் போதைப்பொருள் வழக்கு. இது அபின் செடியின் விதை என்பதுதான் காரணம். இதை 'இஸ்லாமியச் சட்டம்' என்று நினைத்தால், துருக்கியைப் பாருங்கள்: அரசு அனுமதியோடு அபின் செடி பயிராகிறது, அப்படிப் பயிராகும் ஒரு மாகாணத்தை அபினின் பெயராலேயே அஃப்யோன் என்கிறார்கள், கசகசாவை அரைத்து ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுகிறார்கள். நம் கடைகளில் விற்கும் கசகசாவிலும் நிறையத் துருக்கியிலிருந்து வருவது. முஸ்லிம் நாடே அல்லாத சிங்கப்பூரிலும் கசகசாவுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆக, மதத்தைப் பார்க்காமல் அந்தந்த நாட்டின் பட்டியலைப் பார்த்துப் பெட்டி கட்ட வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த வலி மாத்திரைகளும் அப்படித்தான். மருத்துவர் சீட்டும் அந்த நாட்டின் முன் அனுமதியும் வேண்டியிருக்கும்.

வார விடுமுறைகூட ஒன்றுபோல இல்லை. சவூதி, குவைத், கத்தாரில் வெள்ளி, சனி. அமீரக அரசு அலுவலகங்கள் 2022 முதல் சனி, ஞாயிறு, வெள்ளி அரைநாள். துருக்கி, இந்தோனேசியா, மொரோக்கோவில் சனி, ஞாயிறு. மலேசியாவில் கோலாலம்பூருக்கு சனி, ஞாயிறு; கிளந்தானுக்கு வெள்ளி, சனி. மது குவைத்தில் முழுத் தடை. பஹ்ரைன், லெபனான், துருக்கியில் கடையில் கிடைக்கும். ரமலானில் பகலில் பொது இடத்தில் சாப்பிட்டால் குவைத்தில் 100 தினார் வரை அபராதம் அல்லது ஒரு மாதம் வரை சிறை. துருக்கியில் அப்படிச் சட்டம் இல்லை. வெளிநாட்டுத் தொழிலாளியை ஒரு முதலாளியின் பொறுப்பில் கட்டிவைக்கும் கஃபீல் முறையும் வளைகுடாவிலும் லெபனான், ஜோர்டானிலும் வேரூன்றிய தொழிலாளர் நிர்வாக ஏற்பாடு. மற்ற முஸ்லிம் நாடுகளில் தேடினால் கிடைக்காது.

சான்றிதழ் விஷயத்தில் இந்தக் குழப்பத்தால் பணம் வீணாகும். சவூதி, ஓமன், பஹ்ரைன், மொரோக்கோ, துருக்கி ஆகியவை அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருப்பவை, அதாவது ஒரு நாடு போட்ட ஒரே முத்திரையை மற்ற நாடுகள் ஏற்கும் ஒப்பந்தம். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் அந்த முத்திரை போதும். அமீரகம், குவைத், கத்தாருக்கு அது செல்லாது: முதலில் மாநில அரசின் சான்று, பிறகு வெளியுறவு அமைச்சகம், பிறகு அந்த நாட்டுத் தூதரகம், போய்ச் சேர்ந்தபின் அங்குள்ள வெளியுறவுத் துறை என்று நான்கு படி. 'எல்லா அரபு நாட்டுக்கும் ஒரே முத்திரைதான்' என்று சொல்லும் முகவரை நம்பினால் இரண்டு முறை செலவு செய்ய வேண்டிவரும்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் விழும் குடியகல்வு அனுமதிக் குறிப்பும் இதே பாடம்தான். அந்த அனுமதி வாங்கிவிட்டுத்தான் வேலைக்குப் போக முடியும் என்று இந்திய அரசு வைத்திருக்கும் நாடுகள் 18. பதின்மூன்று அரபு நாடுகள்: ஆறு வளைகுடா நாடுகளும், இராக், ஜோர்டான், லெபனான், சிரியா, ஏமன், லிபியா, சூடானும். மீதி ஐந்து ஆப்கானிஸ்தான், இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, தென்சூடான். கடைசி இரண்டில் முஸ்லிம்கள் சிறுபான்மை. அரபு நாடான எகிப்து அந்தப் பட்டியலில் இல்லை.